குழுவிலும் குழுவுக்கு அப்பாலும்: ஜார்ஜ் ஹாரிசனின் பாடலாக்கப் பயணம்

மேலைநாட்டு வெகுசன இசையில் குழு என்பது ஒலிக்கூட்டு மட்டுமன்று. பாடல்களைப் பங்கிடும் ஓர் ஏற்பாடும் ஆகும். 1960களின் ஆங்கிலேய இசைத்தட்டு ஒன்றில் பெரும்பாலும் பதினான்கு பாடல்களுக்கே இடமிருந்தது. அவ்விடம் யாருக்கு உரியது, அதன் வழி வரும் உரிமைத்தொகை யாரைச் சேர்கிறது என்னும் இரு வினாக்களே ஒரு குழுவின் உள்ளமைப்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. பீட்டில்ஸ் குழுவின் முதன்மைக் கிதார்க் கலைஞரான ஜார்ஜ் ஹாரிசனின் (1943–2001) இசைவாழ்வை இவ்வினாக்களின் வழி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. அவரை 'அமைதியான பீட்டில்' எனச் சுட்டும் வழக்கு உண்டு. அச்சுட்டு அவரது இயல்பைக் குறிப்பதாகவே கொள்ளப்படுகிறது. எனினும், அவருக்கு அளிக்கப்பட்ட இடத்தின் அளவையும் அது உணர்த்துகிறது எனலாம்.

பங்கீடும் உரிமையும்

லிவர்பூலில் பேருந்து நடத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஹாரிசன், 1958இல் ஜான் லெனனின் குவாரிமென் குழுவில் சேர்ந்தபோது பள்ளி மாணவர். லெனனும் பால் மெக்கார்ட்னியும் அதற்கு முன்பே பாடல் புனையத் தொடங்கிவிட்டனர். இக்கால முன்மையே பின்னர் குழுவின் மரபாக உறைந்தது. 1963இல் வந்த முதல் தொகுப்பில் ஹாரிசனின் பாடல் ஒன்றுமில்லை, இரண்டாவதில் ஒன்று. 1966இல் வெளிவந்த 'ரிவால்வர்' தொகுப்பில் மூன்று. 1968இன் இரட்டைத் தொகுப்பில் இடம்பெற்ற முப்பதில் நான்கு மட்டுமே அவருடையவை.

பொருளாதாரப் பங்கீடு இதனினும் குறுகியது. குழுவின் பாடல் பதிப்புரிமையைக் கொண்டிருந்த நார்தர்ன் சாங்ஸ் நிறுவனம் 1965இல் பங்குச்சந்தைக்கு வந்தபோது, லெனனும் மெக்கார்ட்னியும் தலா 15 விழுக்காட்டுப் பங்குகளை வைத்திருந்தனர். ஹாரிசனுக்கும் ரிங்கோ ஸ்டாருக்கும் கிடைத்தவை தலா 0.8 விழுக்காடே. அதாவது, ஹாரிசன் தாமே புனைந்த பாடலின் பதிப்பு வருவாயில் நிறுவனத்துக்குச் சேர்ந்த பகுதியினால் அவரைவிட அவருடைய தோழர்களே மிகுதியான பயன் பெற்றனர். 'ஒன்லி எ நார்தர்ன் சாங்' என்னும் அவரது பாடல் இந்நிலையை எள்ளி நகையாடுகிறது. அவ்வெள்ளலைக் குழுவினரே உடனிருந்து இசைத்துப் பதிவு செய்தனர் என்பது நோக்கத்தக்கது. 1968 முதல் அவர் தம் பாடல்களைத் தமது சொந்த நிறுவனமான ஹாரிசாங்ஸ் வழியே பதிப்பிக்கலானார்.

குழுவுக்கு அப்பாலான வெளியைக் குழுவுக்குள் இருந்தபோதே அவர் தேடிக்கொண்டார். 1966இல் ரவி சங்கரைச் சந்தித்து, அவ்வாண்டிலேயே இந்தியா வந்து சிதார் பயின்றார். 1967இல் பதிவான 'விதின் யூ விதவுட் யூ' என்னும் பாடலில் ஏனைய பீட்டில்கள் எவரும் இசைக்கவில்லை. இலண்டனில் வாழ்ந்த இந்திய இசைஞர்களே உடன் வாசித்தனர். 1968 சனவரியில் பம்பாயின் எச்.எம்.வி. ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான இசைத்தடம் 'தி இன்னர் லைட்' பாடலாயிற்று. குழுவின் தனித்தட்டு ஒன்றில், அதுவும் பின்பக்கத்தில், அவரது பாடல் இடம்பெற்றது அதுவே முதன்முறை. 'சம்திங்' பாடலால் முன்பக்கம் அவருக்குக் கிட்டியது 1969இன் இறுதியில்தான். குழு அப்போது கலைந்துகொண்டிருந்தது. அப்பாடலைப் பெரிதும் பாராட்டிய ஃபிராங்க் சினாட்ரா, அதனை மேடையில் லெனன்–மெக்கார்ட்னி பாடல் என்றே அறிமுகப்படுத்தினார். பங்கீட்டு மரபு கேட்போர் மனத்திலும் எத்துணை ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

விடுதலையும் அதன் விலையும்

1969 சனவரி 10 அன்று ஹாரிசன் ஒத்திகையிலிருந்து வெளியேறிச் சில நாள்களுக்குப் பின் திரும்பினார். அவ்வொத்திகைகளில் வாசித்துப் பார்க்கப்பட்டும் குழுவின் தொகுப்பில் இடம்பெறாத பாடல்களுள் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஒன்று. 1970 நவம்பரில் அதே பெயரில் அவர் வெளியிட்ட மூன்று தட்டுத் தொகுப்பு, தேங்கிநின்ற நீர் கரையுடைத்ததை ஒத்தது. அதன் பாடல்கள் சில 1966 அளவிலேயே தோன்றியவை. எனவே அத்தொகுப்பைப் பிரிவின் விளைவு என்பதினும் குழுக்காலத்தின் மறைந்த பகுதி என்பதே பொருந்தும்.

அத்தொகுப்பின் 'மை ஸ்வீட் லார்ட்', முன்னாள் பீட்டில் ஒருவரின் பாடல்களுள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்ற முதற்பாடல். அதுவே வழக்கையும் கொணர்ந்தது. சிஃபான்ஸ் குழுவினர் 1963இல் பாடிய 'ஹீஸ் சோ ஃபைன்' பாடலின் மெட்டை அது ஒத்திருப்பதாக உரிமையாளர் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஹாரிசன் அறிந்து கவரவில்லை. எனினும் ஆழ்மனத்தில் பதிந்திருந்த மெட்டே மீண்டெழுந்தது என 1976இல் நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தீர்ப்பளித்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, ஹாரிசனின் முன்னாள் மேலாளர் ஆலன் கிளைன் வாதியின் நிறுவனத்தை 5,87,000 டாலருக்கு விலைக்கு வாங்கினார். இதனால் வெகுண்ட நீதிமன்றம், ஹாரிசன் அத்தொகையை மட்டும் கொடுத்து உரிமையைப் பெறலாம் என 1981இல் ஆணையிட்டது. எது கற்பனை, எது நினைவு என்னும் வினாவைச் சட்டம் எவ்வாறு அளக்கிறது என்பதற்கு இவ்வழக்கு இன்றும் எடுத்துக்காட்டாக நிற்கிறது.

1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச ஏதிலியருக்காக அவர் நடத்திய இரு நிகழ்ச்சிகள் பரவலாக அறியப்பட்டவை. அவ்வளவாகப் பேசப்படாதது 1974இன் வட அமெரிக்கச் சுற்றுப்பயணம். ரவி சங்கரின் தலைமையில் மிருதங்கக் கலைஞர் டி. வி. கோபாலகிருஷ்ணன், வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியம் முதலியோரும் அதே மேடையில் ஏறினர். ஹாரிசனின் குரல் கட்டியிருந்தது. பீட்டில்ஸ் பாடல்களை எதிர்பார்த்து வந்த அவையும் விமர்சகரும் ஏமாற்றமுற்றனர். இசைநிலையில் அப்பயணம் தோல்வியன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. 1997இல் வெளிவந்த ரவி சங்கரின் 'சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா' தொகுப்புக்குத் தயாரிப்பாளராக அவர் பணியாற்றியபோது, ஒலிப்பதிவின் ஒரு பகுதி சென்னையில் நிகழ்ந்தது.

1988இல் அவர் மீண்டும் ஒரு குழுவில் சேர்ந்தார். தனித்தட்டின் பின்பக்கத்துக்கு ஒரு பாடல் தேவைப்பட, நண்பர்கள் கூடிப் பதிவு செய்த முயற்சியே டிராவலிங் வில்பரிஸ் குழுவாயிற்று. பாப் டிலன், ராய் ஆர்பிசன், டாம் பெட்டி, ஜெஃப் லின் ஆகியோர் அவருடன் இருந்தனர். ஐவரும் புனைபெயர் பூண்டனர். தட்டில் பாடலாசிரியர் பெயருக்குரிய இடத்தில் தனியொருவர் பெயரும் இல்லை. குழுவின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது.