தாசில்தாருக்குத் தகவல் உண்டு, தாய்க்கு?

குழந்தை கொலை வழக்குகள் தொடர்பாக வரும் வாசகர் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குழப்பம்தான். ‘90 நாளுக்குள் போலீஸ் பெற்றோருக்குத் தகவல் சொல்லியாக வேண்டுமாமே, சொல்லாவிட்டால் கைதானவனுக்கு ஜாமீன் கிடைத்துவிடுமா?’ என்று கேட்கிறார்கள். இரண்டு வேறு கெடுக்களுக்கு ஒரே எண்ணை வைத்ததால் வந்த வினை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 187-வது பிரிவில் வரும் 90 நாள், கைதானவருக்கானது. ரிமாண்ட் ஆன நாளிலிருந்து அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், கொலை வழக்கே ஆனாலும் அவருக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும். இதை வக்கீல் எண்ணுவார், கோர்ட் எண்ணும், இன்ஸ்பெக்டரும் எண்ணுவார். 193-வது பிரிவில் வரும் 90 நாள் குடும்பத்துக்கானது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று அதற்குள் தெரிவிக்க வேண்டும், எஸ்.எம்.எஸ். அனுப்பினாலும் போதும். எந்த நாளிலிருந்து 90 என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. தவறினால் என்ன என்றும் சொல்லவில்லை. ஆகவே கடிதங்களுக்குப் பதில்: போலீஸ் உங்களிடம் சொல்லாததால் யாருக்கும் ஜாமீன் கிடைக்காது. போலீசுக்கும் ஒன்றும் ஆகாது.

புதிய சட்டங்கள் ‘பாதிக்கப்பட்டவர்களை மையமாகக் கொண்டவை’ என்று மத்திய அரசு பிரசாரம் செய்தபோது காட்டிய சான்றுகளில் இந்த 90 நாள் தகவலும் ஒன்று. எனக்கு அந்தத் தொண்ணூறாவது நாளைவிட முதல் நாள்தான் உறுத்துகிறது.

கொலை என்று தெரிந்ததும் ஸ்டேஷனிலிருந்து யார் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதில் சட்டம் கறாராக இருக்கிறது. 194-வது பிரிவின்படி நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு, அதாவது நம் ஊரில் தாசில்தாருக்கோ ஆர்.டி.ஓ.வுக்கோ, உடனே சொல்லியாக வேண்டும். எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். நள்ளிரவானாலும் நீதித்துறை மாஜிஸ்திரேட்டின் வீட்டுக் கதவைத் தட்டும். நகல்கள் மேலதிகாரிகளுக்குப் போகும். ஒருவரைக் கைது செய்தால், 48-வது பிரிவின்படி அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவித்து, தெரிவித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதப்பட்டிருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் சரிபார்க்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைகளை ஒட்டி வந்த பாதுகாப்பு இது. லாக்கப்பில் ஆட்கள் காணாமல்போன காலத்தை அறிந்தவர்கள் இதில் ஒரு எழுத்தைக்கூடக் குறைக்கச் சொல்லமாட்டார்கள்.

ஆனால், கொன்றதாகக் கைதானவரின் தாய்க்குத் தகவல் போனதா என்று கேட்க ஒரு நீதிபதி இருக்கிறார்; கொலையுண்ட குழந்தையின் தாய்க்குத் தகவல் போனதா என்று கேட்கும் கடமை யாருக்கும் இல்லை. உறவினருக்குத் தெரிவிப்பது பற்றிய ஒரு வரி 196-வது பிரிவில் இருக்கிறது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவிக்கு ‘இயன்ற இடங்களில்’ தெரிவித்து, விசாரணையின்போது உடனிருக்க அனுமதிக்க வேண்டும் என்கிறது அது. அந்த வரி மாஜிஸ்திரேட் நடத்தும் விசாரணைக்கு மட்டும். காவலில் மரணம் போன்றவற்றுக்கு. இன்ஸ்பெக்டர் நடத்தும் சாதாரணக் கொலை வழக்கின் பிரேத விசாரணையில் அப்படி ஒரு வரி கிடையாது.

அப்படியானால் பெற்றோருக்கு எப்படித்தான் தெரிகிறது? உடலை அடையாளம் காட்ட ஆள் வேண்டும் என்பதால் தெரிகிறது.

போன் வரும். பேசுவது பெரும்பாலும் ஏட்டு, சில நேரம் ஸ்டேஷன் ரைட்டர். ‘பையன் கொஞ்சம் சீரியஸா இருக்கான். ஆதார் கார்டை எடுத்துக்கிட்டு ஜி.ஹெச். வந்துருங்க. கூட யாராவது ஆம்பளை ஆளு இருந்தா கூட்டிட்டு வாங்க.’ தமிழ்நாட்டில் இந்த மூன்று வாக்கியங்களின் பொருள் தெரியாதவர்கள் குறைவு. அந்த நேரத்தில் அதை நம்பாமல் இருக்க முடிந்தவர்களும் குறைவு. ஏன் நேராகச் சொல்வதில்லை என்று கேட்டால் காவலர்கள் தரும் விளக்கம், பைக்கில் வருகிறவர் வழியில் விழுந்துவிடக் கூடாது என்பது. அதில் உண்மை இருக்கிறது. சொல்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது: ஊர் திரண்டு மறியலுக்கு உட்காரும் முன் உடல் மார்ச்சுவரிக்குள் போய்விட வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் அட்டைப் பலகையும் கார்பனுமாக எஸ்.ஐ. ஒருவர் நிற்பார். அப்பகுதியைச் சேர்ந்த இரண்டு பேராவது உடனிருக்க, உடலில் உள்ள காயங்களை வரிசையாக எழுதி, மரணத்துக்கு வெளிப்படையாகத் தெரியும் காரணத்தைப் பதிய வேண்டும். அதுதான் பிரேத விசாரணை. கடைசியாக உயிரோடு பார்த்தது யார், எப்போது, எங்கே? உடலை முதலில் பார்த்தது யார்? அடையாளம் காட்டுபவர் யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், பத்து நிமிஷம் முன்புதான் செய்தி தெரிந்த தாய். 195-வது பிரிவு விவரம் அறிந்தவர்களை வரவழைக்க போலீசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தின் கீழ்தான் அவர் அங்கே நிற்கிறார். அவருக்குச் செய்தி சொல்லும் நிமிஷமும் அவரிடம் வாக்குமூலம் வாங்கும் நிமிஷமும் ஒன்றாகிவிடுகின்றன.

இதன் விலை இரண்டு வருஷம் கழித்துத் தெரியும். செஷன்ஸ் கோர்ட்டில் குறுக்கு விசாரணை: ‘பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகம் என்று இன்று சொல்கிறீர்கள். பிரேத விசாரணையின்போது ஏன் சொல்லவில்லை?’ பிரேத விசாரணையின் வேலை மரணத்தின் வெளிப்படையான காரணத்தைக் கண்டறிவது மட்டுமே, யார் கொன்றார் என்ற விவரம் அதில் இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1975-ல் பெத்த நாராயணா வழக்கிலேயே சொல்லிவிட்டது. பின்னாலும் பலமுறை சொல்லியிருக்கிறது. கேள்வி கேட்கப்படுவது நின்றபாடில்லை.

காவல் துறைப் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சிறு குழந்தை கொலையானால் முதல் சந்தேக வட்டம் வீட்டுக்குள்ளேயே தொடங்கும். செய்தி சொல்பவர் அந்த முகங்களைக் கவனித்துக்கொண்டும் இருப்பார். பிரிட்டனில் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார்கள். 1993-ல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொலையானபோது அவருடைய பெற்றோரை போலீஸ் நடத்திய விதத்தை, 1999-ல் வெளியான மேக்ஃபர்சன் அறிக்கை கடுமையாகச் சாடியது. குடும்பத் தொடர்பு அதிகாரிகளுக்கான பயிற்சியும் முறையும் அதன் பிறகு பலப்பட்டன. ஆனால், அந்த அதிகாரி ஆறுதல் சொல்ல அனுப்பப்பட்டவர் அல்ல, முதன்மையாக அவரும் ஒரு புலனாய்வாளர்தான் என்று அந்நாட்டுக் காவல் பயிற்சி நெறிமுறைகளே சொல்கின்றன. குடும்பத்துக்கும் அது தெரியும். நம்மிடம் அதே இரட்டை வேலையை, பயிற்சியில்லாத ஏட்டு ஒருவர், பெயரில்லாத ஒரு போன் காலில் செய்கிறார்.

சந்தேகம் எல்லை மீறினால் என்னாகும் என்பதற்கு நொய்டா இருக்கிறது. 2008-ல் அங்கே 13 வயதுச் சிறுமி கொலை வழக்கில், தந்தையைக் கைது செய்த கையோடு உயர் காவல் அதிகாரி ஒருவர் பத்திரிகையாளர்களைக் கூட்டி அந்தக் குடும்பத்தைப் பற்றி ஏதேதோ சொன்னார். அந்தச் சிறுமியின் பெயரையே தவறாகச் சொன்னார். பெற்றோர் இருவரையும் 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

இனி 90 நாள் தகவலுக்கு வருவோம். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 193-வது பிரிவு, தகவலை ‘புகார் தந்தவருக்கு அல்லது பாதிக்கப்பட்டவருக்கு’ தெரிவிக்கச் சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தரச் சொல்லும் 173-வது பிரிவிலும் இதே அமைப்புதான். பெற்றோர் பாதிக்கப்பட்டவர்களா என்றால், சந்தேகமில்லாமல் ஆம். காப்பாளரையும் சட்டப்படியான வாரிசையும் அந்தச் சொல்லுக்குள் சட்டமே சேர்த்திருக்கிறது. பிரச்சினை புகார் தந்தவர் யார் என்பதில். காட்டோரமோ கிணற்றிலோ உடல் கிடந்தால், தமிழ்நாட்டில் புகார் எழுதித் தருவது பெரும்பாலும் வி.ஏ.ஓ. முதலில் ‘சந்தேக மரணம்’ என்று பதிவாகும். பழைய பேச்சில் ‘174 போட்டிருக்காங்க’, இப்போது 194. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு கொலையாகப் பிரிவு மாற்றப்படும். ஆனால் புகார்தாரர் வி.ஏ.ஓ.வாகவே இருப்பார். நகல் அவருக்குப் போகும். 90 நாள் தகவலும் அவருக்கே போனாலும் சட்டத்தின் எழுத்து நிறைவேறிவிடுகிறது. அந்த வி.ஏ.ஓ. அதற்குள் வேறு கிராமத்துக்கு மாற்றலாகியும் போயிருக்கலாம். வீட்டில் இருக்கும் பெற்றோர், வழக்கு எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதையே செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லாத இடத்தில், குடும்பங்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. உடலை வாங்க மறுப்பது. மார்ச்சுவரியில் உடலைப் பெற்றுக்கொண்டதாக உறவினர் போடும் கையெழுத்து ஒன்றுதான் அந்த இரண்டு நாளில் போலீசுக்குக் குடும்பத்திடமிருந்து அவசரமாகத் தேவைப்படும் ஒன்று. கைது நடக்கட்டும், பிரிவை மாற்றுங்கள், எஸ்.பி. நேரில் வந்து சொல்லட்டும், பிறகு கையெழுத்து என்று உட்காருகிறார்கள். அதுவரை வராத டி.எஸ்.பி. அப்போது வருகிறார், அதுவரை சொல்லப்படாத விவரங்கள் அப்போது சொல்லப்படுகின்றன. இதை ‘உடலை வைத்து அரசியல்’ என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வதுண்டு. கடிதம் எழுதிக் கிடைக்காத பதில் இப்படிக் கிடைக்கும் என்பதை நாற்பது வருஷமாகக் கற்றுக்கொடுத்தது யார்?

பாலியல் குற்றம் சேர்ந்த வழக்கானால் நிலைமை காகிதத்திலாவது மேல். 2020-ம் ஆண்டு போக்சோ விதிகளின்படி கைது, குற்றப்பத்திரிகை, ஜாமீன், வாய்தா என ஒவ்வொன்றையும் குழந்தையின் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். அதே வயதுக் குழந்தை வேறு காரணத்துக்காகக் கொல்லப்பட்டால் அந்தப் பட்டியல் கிடையாது.

மற்ற கேள்விகள்:

காணாமல்போன குழந்தைக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தருகிறார்களே? போதாது, 2013 மே மாதம் பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று சொல்லிவிட்டது.

முகம் தெரியாத நிலையில் உடல் கிடைத்தால்? பெற்றோரின் ரத்த மாதிரியோடு டி.என்.ஏ. ஒப்பீடு, அதற்கு நாளாகும், அதுவரை துணியையும் செருப்பையும் காட்டித்தான் கேட்பார்கள், 2006-ல் நிதாரியில் நடந்ததுபோல.

பிரேதப் பரிசோதனையை ராத்திரியே ஏன் முடிப்பதில்லை? சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய கொலை வழக்குகளுக்கு அது பொருந்தாது.

குழந்தையின் பெயரைப் பத்திரிகையில் போடப் பெற்றோர் அனுமதிக்கலாமா? பாலியல் வழக்கில் பெற்றோர் அனுமதி போதாது என்று 2018 டிசம்பரில் நிபுண் சக்ஸேனா வழக்கில் தீர்ப்பு.

குற்றவாளி யாரென்றே தெரியவில்லை, இழப்பீடு உண்டா? உண்டு, 396-வது பிரிவு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு.

விடுதலையாகிவிட்டால்? 413-வது பிரிவின்படி பெற்றோரே அப்பீல் செய்யலாம்.

வி.ஏ.ஓ. புகாரில் பதிவான வழக்கில் எங்கள் பெயரைச் சேர்க்க முடியுமா? புகார்தாரரை மாற்ற முடியாது. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் 193-வது பிரிவைக் குறிப்பிட்டு, உங்கள் செல் நம்பரோடு விசாரணை அதிகாரிக்கு மனு கொடுத்து, எஸ்.பி.க்கு ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.