திண்ணைக்கு ஒரு வைஃபை

குன்னத்தூர் சுற்றுவட்டாரத்தில், வீட்டை ஒட்டியே நாலஞ்சு தையல் மெஷின் போட்டு திருப்பூர் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் உண்டு. பிராட்பேண்ட் கனெக்‌ஷன் பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளைகளின் போன், ஜிஎஸ்டி பில் போடும் கம்ப்யூட்டர், சிசிடிவி டிவிஆர், சாப்பாட்டு நேரத்தில் ஒடிசாவிலும் பீகாரிலும் உள்ள வீட்டுக்கு வீடியோ கால் பேசும் தொழிலாளர்களின் போன், எல்லாம் அதே வைஃபையில், ஒரே பாஸ்வேர்டில். நெட்டைத் தரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது சோறு மாதிரி. எப்படித் தருவது என்பதுதான் கேள்வி.

இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது, பெயர். 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட்டில். அவருடைய பாதுகாப்பில்லாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் முதல் விசாரணை அவரிடம்தான்.

காரணம் எளிது. ரவுட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரி கொடுக்கிறது. வெளியே போகும்போது எல்லாவற்றுக்கும் ஒரே முகவரியைப் போட்டு அனுப்புகிறது. இதை நாட் என்பார்கள். வெளி உலகத்துக்கு உங்கள் பத்து போன்களும் ஒரே ஆள். அந்த ஆளின் பெயர், பில்லில் இருக்கும் பெயர்.

இரண்டாவது ஆபத்து உள்ளேயே இருப்பது. ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் பொதுவாக ஒன்றையொன்று பார்க்க முடியும். யாரோ ஒருவரின் போனில் கண்ட கண்ட ஆப் வழியாகப் புகுந்த வைரஸ், பில் கம்ப்யூட்டரில் ஷேர் பண்ணி வைத்த ஃபோல்டரையும் தட்டிப் பார்க்கும். அதற்கு அந்தத் தொழிலாளி கெட்டவராக இருக்க வேண்டியதில்லை.

ஒரு சின்ன ரவுட்டர் வாங்கி மாட்டினால் இந்த இரண்டாவதைப் பெருமளவு அடைக்கலாம். ஆனால் பல இடங்களில் தலைகீழாக மாட்டியிருப்பதைப் பார்க்கிறேன். ஃபைபர் கம்பெனி தந்த பெட்டியை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, புது ரவுட்டரைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட் ஒருவழிக் கதவு. உள்ளே இருப்பவர் வெளியே வரலாம், வெளியே இருப்பவர் தானாக உள்ளே போக முடியாது. புது ரவுட்டர் கம்பெனிப் பெட்டிக்கு உள்ளே இருக்கிறது. அதிலிருக்கும் போன், கதவைத் திறந்து வெளியே வந்தால் நிற்கும் இடம் உங்கள் பில் கம்ப்யூட்டர் இருக்கும் இடமேதான்!

நம்ம வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெட்டிதான் திண்ணை, அதன் வைஃபை வந்து போகிறவர்களுக்கு. புது ரவுட்டர் வீட்டின் உள்ளறை. பில் கம்ப்யூட்டர், பிரிண்டர், டிவிஆர் மூன்றும் அங்கே போக வேண்டும்.

மாட்டும்போது பெட்டியின் லேன் துளையிலிருந்து வரும் ஒயரைப் புது ரவுட்டரின் வேன் துளையில் செருகணும். லேனில் செருகினால் கதவே இல்லாமல் போய்விடும். இரண்டுக்கும் 192.168.1.1 என்றிருந்தால் குழம்பும், அதனால் உள் ரவுட்டரை 192.168.10.1 என்று மாற்றிவிடுங்கள். டிவிஆருக்காக போர்ட் ஃபார்வர்டிங் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். 2016-ல் மிராய் என்ற நிரல், ஆலையில் வைத்த பாஸ்வேர்டு மாறாத கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது.

டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்து வையுங்கள். எட்டு இலக்க பின் என்று பேர்தான். ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதாலும் கடைசி இலக்கம் கணக்கில் வருவதாலும், 11,000 முயற்சிக்குள் உடைத்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

முதல் ஆபத்து, அந்தப் பெயர் விஷயம், இதனால் தீராது. திண்ணையில் உட்கார்ந்து யார் என்ன செய்தாலும் முகவரி உங்களுடையதே. திண்ணை வைஃபைக்கும் டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டு போட்டு, சுவரில் எழுதி ஒட்டாமல், ஆள் மாறும்போது மாற்றிக்கொண்டே இருக்கணும்.

மாட்டி முடித்ததும் திண்ணை வைஃபையில் இருக்கும் ஒரு போனை வாங்கி, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, பிரவுசரில் 192.168.10.1 என்று அடித்துப் பாருங்கள். எதுவும் திறக்கக்கூடாது. 192.168.1.1 அடித்தால் கம்பெனிப் பெட்டியின் லாகின் பக்கம் பெரும்பாலும் திறக்கும். அங்கே இன்னும் அட்மின், அட்மின் என்றே இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்க.