குறுங் கடற்குதிரைக்கு வீட்டுத் தொட்டி அமைத்தல்

கடற்குதிரை மீனினத்தைச் சேர்ந்தது. அவ்வினத்திலே மிகச் சிறியவற்றுள் ஒன்றாகிய குறுங் கடற்குதிரை, மெச்சிக்கோ வளைகுடாவிலும் புளோரிடா, பகாமாசுக் கரைகளிலும் உள்ள கடற்புற் படுக்கைகளில் வாழ்வது. முழு வளர்ச்சியடைந்த பின்னரும் அது ஓர் அங்குல அளவினதே; ஆயுளும் ஏறத்தாழ ஓராண்டுதான். இலங்கைக் கடலில் இது இல்லை. புத்தளம் களப்பிற் காணப்படும் கடற்குதிரைகள் இதனினும் பன்மடங்கு பெரியவையாதலால், அவற்றுக்கு இங்கு கூறப்படும் தொட்டி பொருந்தாது.

1950களிலும் 1960களிலும் ஐக்கிய அமெரிக்காவிற் சித்திரக்கதை இதழ்கள் வாயிலாக விளம்பரஞ் செய்து, இவை அஞ்சலில் விற்கப்பட்டன. வாங்கியோர் பலர் உயிருள்ள உணவை நாள்தோறும் அளிக்க இயலாமல் அவற்றை இழந்தனர். எனவே தொட்டியை விட உணவைப் பற்றியே முதலில் திட்டமிடல் வேண்டும்.

உணவு

கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது. உண்டது விரைவிற் கழிந்துவிடும். ஆதலால் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை உணவிட வேண்டும். அசையாத உணவை இது பெரும்பாலும் தீண்டாது. உப்பேரிகளில் வாழும் ஆட்டீமியா என்னும் சிற்றிறாலின் குஞ்சுகளே ஏற்ற உணவு. அதன் உலர்ந்த முட்டைகளை உப்புநீர் நிறைந்த போத்தலில் இட்டுக் காற்றூட்டி வெளிச்சத்தில் வைத்தால், ஏறக்குறைய ஒரு நாளிற் பொரிக்கும். பொரித்த குஞ்சின் சத்து அதன் மஞ்சட்கருவிலேயே உள்ளது. மறுநாள் அது குறைந்துவிடும். ஆகையால் இரண்டு போத்தல்களை வைத்து நாள் மாறி நாள் முட்டையிடுதல் நன்று.

தொட்டி

சில சோடிகளுக்குப் பத்து முதல் இருபது இலீற்றர் கொள்ளும் தொட்டி போதும். பெரிய தொட்டியில் உணவு சிதறிப்போகும். நீந்தும் வலிமை குறைந்த இவ்வுயிர் அதைத் தேடிச் செல்லாது. ஆயினும் சிறிதளவு நீர் விரைவிற் சூடேறும், விரைவிற் கெடும். வெயில் படாத, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையே தகுந்த இடம். 20 முதல் 26 பாகை செல்சியசு வரையான வெப்பநிலை ஏற்றது. காற்றினால் இயங்கும் பஞ்சு வடிகட்டியை மெல்ல ஓடவிட்டு, வாலைச் சுற்றிப் பிடிக்கக் கடற்பாசியோ செயற்கைச் செடியோ வைக்க வேண்டும்.

நீர்மானியில் உப்புநீரின் ஒப்படர்த்தி 1.020க்கும் 1.025க்கும் இடையில் இருத்தல் வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றுக. நீர் போனாலும் உப்புப் போவதில்லை. புதுத் தொட்டியில் உடனே மீனை விடலாகாது. கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவை மாற்றும் பற்றீரியங்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும்.

தோட்டத்திலிருந்து வரும் தீங்கு

மரக்கறி பயிரிடுவோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். பீடைநாசினி கலந்த வாளி, தெளிகருவியைத் தொட்ட கை ஆகியன தொட்டிநீரிற் படலாகாது. செம்பு கலந்த பங்கசுநாசினி ஆட்டீமியாவுக்குத் தீங்கு செய்யவல்லது. தொட்டிக்கெனத் தனி வாளியும் தனிக் குழாயும் ஒதுக்குக.

விதைநெல்லுடன் களைவித்து வந்து சேர்வதுபோல, பாசியுடனும் கல்லுடனும் ஐதரா வகைச் சிற்றுயிர்கள் தொட்டியினுள் வந்துவிடும். ஆட்டீமியாவை உண்டு பெருகும் அவை கடற்குதிரைக் குஞ்சுகளைக் கொட்டிக் கொல்லும். கால்நடைகளுக்குப் புழுமருந்தாகக் கொடுக்கப்படும் பென்பெண்டசோலை, மீன் விடுமுன்னரே மிகச் சிறிதளவு இட்டு அவற்றை அழிப்பர். நத்தை இருப்பின் அதற்குமுன் அகற்றிவிட வேண்டும்.

இனப்பெருக்கம்

பெண் இடும் முட்டைகளை ஆணே தன் பையில் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாள் சுமக்கும். பிறந்த குஞ்சுகள் பெற்றோருண்ணும் அதே ஆட்டீமியாவை அன்றே உண்ணத் தொடங்குவதால், அவற்றை ஒரே தொட்டியில் வளர்க்கலாம்.

கடற்குதிரைகளின் அனைத்துலக வாணிபம் 2004ஆம் ஆண்டு முதல் அனுமதிப்பத்திர ஒழுங்குக்கு உட்பட்டது. தொட்டியிற் பிறந்தவற்றையே, உரிய பத்திரத்துடன் பெறுதல் வேண்டும். அறுவடை நாட்களில் வீட்டார் அனைவரும் வயலுக்குச் செல்வதாயின், போத்தலைக் கவனித்து உணவிட ஒருவர் வீட்டிலிருக்க ஏற்பாடு செய்த பின்னரே மீனை வருவிக்க வேண்டும்.