பொதுப் பெட்டியும் உரிமை வரம்பும்

சங்கத்தின் உடைமை அங்கத்தினர் யாவருக்கும் பொதுவானது. ஆயினும் பணப்பெட்டியின் சாவியை யாவரிடமும் கொடுத்து விடுவதில்லை. குமாஸ்தா நூல் இருப்பை எழுதுகிறார், செயலாளர் சரிபார்க்கிறார், தணிக்கையாளர் படித்துப் பார்க்கிறார். இவ்வரம்பே அங்கத்தினரின் பணத்திற்குக் காவல். பேரேடுகள் கணிப்பொறிக்குள் சென்றுவிட்ட இந்நாளிலும் அக்காவல் தளரலாகாது.

அலுவலகத்தில் நான்கு கணிப்பொறிகள் இருந்து, ஒவ்வொன்றிலும் கடன் பேரேட்டின் பிரதி ஒன்று இருக்குமாயின், எப்பிரதி மெய்யானது என்ற வழக்கு விரைவில் எழும். ஒரு கணிப்பொறியைப் பொதுப் பெட்டகமாக அமைத்து, ஏனையவை வலைப்பின்னல் வழியே அதனை அணுகுமாறு செய்வதே இதற்குப் பரிகாரம். இப்பணிக்கு லினக்ஸ் மிகவும் ஏற்றது. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய அதனைப் பல நாட்டாரும் கூடி உழைத்து வளர்த்தனர். கட்டணமின்றிப் பெறத்தக்க பதிப்புகள் பல உள்ளன. விண்டோஸ் கணிப்பொறிகளும் அப்பெட்டகத்தை அணுகுவதற்குச் சாம்பா என்னும் மென்பொருள் துணை செய்கிறது.

லினக்ஸ், ஒவ்வொரு கோப்பிற்கும் உடையவர், குழுவினர், பிறர் என மூவகையாரை வகுக்கிறது. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என எண்கள் உண்டு. கோப்புறைக்கு இயக்குதல் என்பது உள்ளே நுழையும் உரிமையாகும். 7 என்றால் முழு உரிமை. 5 என்றால் நுழையலாம், பார்க்கலாம், மாற்றலாகாது. 0 என்றால் ஒன்றுமில்லை. ஆகவே 770 என்பது உடையவருக்கும் குழுவினருக்கும் முழு உரிமை தந்து, பிறரை விலக்குவதாகும். முன்னே 2 சேர்த்து 2770 என அமைத்தால், அக்கோப்புறையில் புதிதாக உண்டாகும் கோப்பும் அதே குழுவைச் சேரும்.

ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். சாம்பாவிலும் அவரைத் தனியே பதிவு செய்தல் வேண்டும். கணக்கு, கொள்முதல் எனக் குழுக்கள் வகுத்து, அவ்வவற்றிற்குரிய கோப்புறையைத் தருக. தணிக்கையாளரைக் குழுவில் சேர்த்து, சாம்பா அமைப்பில் படிக்க மட்டும் உரியவர் பட்டியலில் குறித்துவிட்டால், வலை வழியே அவர் எதனையும் மாற்ற இயலாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சாம்பா வழியே ஒருவர் உண்டாக்கும் புதுக் கோப்பில், இயல்பாகக் குழுவினருக்கு எழுதும் உரிமை கிடைப்பதில்லை. "என் கணக்கை உடன் பணியாளர் திருத்த முடியவில்லை" என்ற முறையீடு எழும். அவசரத்தில் 777 என அமைத்து யாவருக்கும் கதவைத் திறந்துவிடுவோர் பலர். இது பணப்பெட்டியைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும். சாம்பா அமைப்பில் புதுக் கோப்புகளுக்கு 0660 எனவும், புதுக் கோப்புறைகளுக்கு 2770 எனவும் வரையறுத்தலே முறை.

மற்றொன்றும் அறியத்தக்கது. ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அக்கோப்பைப் பொறுத்ததன்று. அது இருக்கும் கோப்புறையில் எழுதும் உரிமையைப் பொறுத்தது. படிக்க மட்டும் அமைத்த பேரேட்டையும், கோப்புறையில் எழுத வல்லவர் அழித்துவிடக் கூடும். எனவே தணிக்கை முடிந்த ஆண்டுகளின் பேரேடுகளை, ஊழியர்க்கு எழுதும் உரிமையற்ற தனிக் கோப்புறைக்கு மாற்றிவிடுதல் நலம்.

பொதுப் பெட்டகம் பாதுகாப்புப் பிரதி ஆகாது. ஓரிடத்தில் அழிந்தது எல்லோருக்கும் அழிந்ததே. ஆதலால் நாள்தோறும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து, அதனை அலுவலகத்திற்கு வெளியே வைத்தல் இன்றியமையாதது. அப்பிரதி திறக்கிறதா என்பதையும் அவ்வப்போது சோதித்தறிக.

யாருக்கு எவ்வுரிமை என்பதைப் பொறி அமைப்பவரின் விருப்பத்திற்கு விடாது, நிர்வாகக் குழு தீர்மானித்து நடவடிக்கைப் புத்தகத்தில் பதிதல் வேண்டும். பணி விலகுபவரின் பெயர் அன்றே நீக்கப்படட்டும். ஆண்டுக்கொரு முறை பட்டியல் சரிபார்க்கப்படட்டும். கணக்கில் ஐயம் எழுந்தால் சங்கத்தில் நம்பிக்கை குலையும். அந்நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பு நம் அனைவரையும் சார்ந்தது.