செயற்கைச் சுவாசத்தினின்றும் விடுபடுங் காலம்

உணவின்றிப் பல நாளும் நீரின்றிச் சில நாளும் உயிர் தரித்திருத்தல் கூடும். மூச்சின்றிச் சில நிமிஷங்கட்குமேல் இருத்தல் அரிது. 1952-ம் ஆண்டில் டென்மார்க்கு தேசத்துக் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பெருவாரியாகப் பரவியபோது, பியோர்ன் இப்ஸன் என்னும் மயக்கமருந்து வைத்தியர், நோயாளரின் கழுத்திற் குழாயமைத்து, அதன் வழியே காற்றைப் பையினாற் பிழிந்து செலுத்தும் முறையைக் கையாண்டார். அப்பைகளை இரவும் பகலும் முறைவைத்துப் பிழிந்தவர் ஏறக்குறைய 1,500 மாணாக்கர். எம்மை ஒத்த இளைஞராகிய அவர்தம் கைகள் செய்த தொழிலையே இன்று சுவாச இயந்திரங்கள் செய்கின்றன.

இயந்திரத்தைப் பூட்டவேண்டிய வேளை பெரும்பாலும் எளிதிற் புலனாம். அதனைக் கழற்றற்குரிய வேளை எதுவென முன்னறிதலே அரிது. அதுவே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது. முந்திக் கழற்றின், நோயாளர் மூச்சுத்திணறி மீண்டுங் குழாய் செருகப்பெறுவர். அங்ஙனஞ் செருகப்பெற்றோருள் இறப்போர் தொகை மிகுதி. பிந்திக் கழற்றினும் கேடுண்டு. நுரையீரலிற் சீதசன்னி தோன்றும். அன்றியும், மூச்சிழுத்தற்குத் தலையாய தசையாகிய உதரவிதானம் தொழிலின்றிச் சுருங்கும். 18 முதல் 69 மணிநேரம் வரை இயந்திரமே முழுதும் மூச்சூட்டிய மூளைச்சாவுற்றோரின் உதரவிதானத்தை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டதோர் ஆய்வில், அதன் நார்களின் பருமை பாதிக்குமேல் குறைந்திருந்தமை காணப்பட்டது.

ஆங்கில வைத்தியர் இக்கழற்றலைக் குழவியைப் பால்மறக்கச் செய்தற்குரிய சொல்லாலே வழங்குவர். சொல் அழகியதே, ஆயினும் பொருளை மயக்குகின்றது என்பது எம் கருத்து. பால்மறத்தல் சிறிது சிறிதாக நிகழ்வது. அச்சொல்லை நம்பினாற்போல, இயந்திரத்தின் உதவியையும் நாடோறுஞ் சிறிது சிறிதாகக் குறைத்தல் வழக்கமாயிற்று. 1987-லேயே ஹால், வுட் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் இதனை 'விடுதலை' என்றெழுதினர். பின்னர் ஸ்பெயின் தேசத்து எஸ்டெபான் முதலியோர் 546 நோயாளரை இரண்டு மணிநேரம் தாமே மூச்சுவிடுமாறு சோதித்து, அம்முடிபை 1995-ல் வெளியிட்டனர். அவருள் 416 பேர் முதற் சோதனையிலேயே தேறினர்! அவர்க்குப் பால்மறத்தல் வேண்டப்படவே இல்லை என்க. தவறிய 130 பேருள்ளும், நாளுக்கொருமுறை சோதிக்கப்பட்டோர், உதவி படிப்படியாகக் குறைக்கப்பட்டோரினும் இரண்டு மூன்று மடங்கு விரைவில் விடுபட்டனர்.

இனி, இச்சோதனைக்குமுன் விளைவை ஓர் எண்ணாற் கூறலாகுமோ எனின், அதற்கொரு வழியை யாங், டோபின் என்போர் 1991-ல் வகுத்தனர். நிமிஷத்தில் விடும் மூச்சின் தொகையை, ஒரு மூச்சிற் செல்லுங் காற்றின் லிட்டர் அளவால் வகுத்தலே அது. இவ்வெளிய கணக்கின் காரணம் நுட்பமானது. ஒருவர் நிமிஷத்தில் 12 முறை, முறைக்கு அரை லிட்டராக மூச்சிழுக்கின்றார். மற்றொருவர் 30 முறை, முறைக்கு 200 மில்லிலிட்டராக இழுக்கின்றார். இருவர்க்கும் மொத்தம் 6 லிட்டரே. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் காற்றுக்குழல்களிலேயே தங்கி வீணாம். அதனைக் கழிப்பின், முன்னவர்க்குப் பயன்படுவது 4.2 லிட்டர்; பின்னவர்க்கு 1.5 லிட்டரே. தளர்ந்த தசை ஆழமாக இழுக்கமாட்டாமையின் விரைந்து விரைந்து இழுத்து ஈடுசெய்ய முயல்கின்றது, முயன்றும் பயனில்லை. முன்னவர் எண் 24. பின்னவர் எண் 150. எண் 105-க்கு மேற்படின் பெரும்பாலும் தோல்வியே என அவ்விருவருங் கண்டனர். அதற்குக் கீழ்ப்பட்டோருள்ளும் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் தவறினர்.

ஆயின் எண்ணை அளவிறந்து நம்புதலும் தீதே. 2006-ல் வெளிவந்ததோர் ஆய்வில், 304 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு இவ்வெண்ணைக் கொண்டு முடிவு செய்தனர்; மறுகூற்றார்க்கு எண்ணைக் கருதாது விட்டனர். எண் கருதப்பட்டோரே விடுபடுதற்கு மிகுந்த நாள் கொண்டனர். தடுக்குங் கோலாக அஃது அமைந்தமையே காரணம்போலும். சோதனை செய்யின் தேறியிருப்பார் சிலர், எண்ணுக்கஞ்சிச் சோதிக்கப்படாமலே கிடந்தனர் என்று யாம் கருதுகின்றோம். வைத்தியரின் எச்சரிக்கை மிகையாதலுமுண்டு. மயக்கத்திலோ பொறாமையாலோ தம் கையாலே குழாயைப் பிடுங்கிவிடும் நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு மீண்டும் அது வேண்டப்படுவதில்லை. இதற்கு வைத்தியர் யாது மறுமொழி கூறுவரோ அறியேம்!

மற்றொன்று. இயந்திரத்தை நீக்குதல் வேறு, குழாயை நீக்குதல் வேறு. மூச்சுச் சோதனையிற் செம்மையாகத் தேறியவரும், சளியை இருமித் தள்ளமாட்டாராயின் குழாய் நீங்கியபின் இடர்ப்படுவர். இதனையறிதற்குப் பெருங்கருவி யாதும் வேண்டா. குழாயின் முனைக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தொலைவில் வெள்ளையட்டை ஒன்றைப் பிடித்து, மூன்று நான்கு முறை இருமுமாறு நோயாளரை ஏவுவர். 2001-ல் வெளியான ஆய்வொன்றின்படி, அட்டை நனையாது போயினார், நனைத்தவரினும் மும்மடங்கு மிகுதியாகத் தவறினர்.