பன்னிரண்டுக்கு ஆறு
(மேஜையும் பந்தும் - தொடர்)

2025 நவம்பரில் தோஹாவில் நடந்த ஐபிஎஸ்எஃப் உலக மகளிர் ஸ்னூக்கர் இறுதிப் போட்டியின் கடைசி ஃபிரேம் 68-60 என்று முடிந்தது. வித்தியாசம் எட்டே எட்டுப் புள்ளி. ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் குழியில் விழுந்தால் கிடைப்பது அவ்வளவுதான். தோற்றவர் ஹாங்காங்கின் இங் ஆன் யீ, மூன்று முறை உலக மகளிர் சாம்பியன். 2017இல் சிங்கப்பூரில் நம் வித்யா பிள்ளையைப் பதினோராவது ஃபிரேம் வரை இழுத்து, 6-5 என்று தோற்கடித்தவரும் இவர்தான். அப்படிப்பட்டவரை 3-2 என்று வென்றவர் சென்னையைச் சேர்ந்த 23 வயது அனுபமா ராமச்சந்திரன். இந்தப் பட்டத்தை அதற்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் வென்றதில்லை.

வெற்றியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்டன. எனக்கு அதன் ஆரம்பம்தான் வேண்டும். அனுபமா கோலைக் கையில் எடுத்தது பதின்மூன்று வயதை ஒட்டி, மயிலாப்பூர் கிளப்பில். 2017இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் பட்டம் வந்துவிட்டது. திறமை, உழைப்பு எல்லாம் சரி. ஆனால் அந்தக் கணக்கில் யாரும் எழுதாத ஒரு வரி உண்டு: பள்ளிக்கூடம் விட்டதும் போய் நிற்க ஒரு மேஜை இருந்தது.

அந்த மேஜையைக் கொஞ்சம் பார்ப்போம். நீளம் 12 அடி, அகலம் 6 அடி. பச்சைத் துணிக்குக் கீழே மரப்பலகை கிடையாது, ஐந்து ஸ்லேட் கற்பலகைகள். மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டும். மாடியில் போட வேண்டுமென்றால் இஞ்சினியரைக் கேட்க வேண்டும். கோலின் நீளம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. நாலு பக்கமும் நின்று அதைப் பின்னுக்கு இழுக்க இடம் விட்டால், அறை குறைந்தது 22க்கு 16 அடி இருக்க வேண்டும். நம் புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரில் பல குடும்பங்களுக்கு மொத்த வீடே அவ்வளவு வராது. அந்தத் துணியும் சாதாரணத் துணி அல்ல, கம்பளி. ஒரு பக்கமாகச் சாய்ந்த மென்மயிர் உள்ளது. கடலோர ஈரக்காற்றை அது குடித்துவிட்டால் பந்து மந்தமாகும், ஓரத்தில் பட்டுத் திரும்பும் கோணமும் மாறும். பெரிய போட்டிகளில் மேஜைக்கு அடியில் சூடேற்றி வைப்பது இதனால்தான். ஐப்பசி மழையில், அதே புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூரில் அப்படி ஒரு மேஜையைப் பராமரிப்பதை யோசித்துப் பாருங்கள்.

பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "அண்ணே, ஃபோன்ல கேம் ஆடி ஆடிப் பழகிட்டேன். நெஜத்துல ஆடணும்னா எங்கண்ணே போவணும்?"

பாண்டிக்குத்தான் போக வேண்டும். பாகூரிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். பஸ்ஸுக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று காசு. போய்ச் சேர்ந்தால் பார்லர்களில் பெரும்பாலும் பூல் மேஜைதான். அளவில் சிறியது, பந்து பெரியது. ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர், பூல் பந்து 57ஐ ஒட்டியது. குழியின் வாயும் பூலில் தாராளம். பூலில் விழும் அடியில் பாதி, ஸ்னூக்கர் குழியின் உதட்டில் தட்டி வெளியே நிற்கும். இதற்கு மேல் பார்லர்களுக்கென்று ஒரு வழக்கமும் இருக்கிறது: தோற்றவன்தான் ஃபிரேம் காசு கொடுக்க வேண்டும். புதிதாக வருபவன் தோற்கத்தானே செய்வான்? அதனால் பையில் காசில்லாத பையன் தன்னைவிடத் தேர்ந்தவனோடு ஆடவே மாட்டான். கற்றுக்கொள்ள வேண்டிய ஆட்டத்தைத் தானே தவிர்க்கிறான். பெண்பிள்ளை என்றால் பேச்சே வேண்டாம். சிகரெட் புகை சூழ்ந்த பார்லருக்கு எந்த அம்மா அனுப்புவாள்?

இதற்கு எதிர்முனையில் கேரம் இருக்கிறது. இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கிய காசிமா, வடசென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். கேரம் பலகையைத் தெருவிளக்கின் கீழ் ஒரு டிரம்மின் மேல் வைத்துவிடலாம். கொஞ்சம் போரிக் பவுடர் போதும். வில்லியனூரிலும் பாகூரிலும் நற்பணி மன்றக் கட்டடம் என்றால் உள்ளே ஒரு பலகை இருக்கும். ஏழை வீட்டுப் பிள்ளைகள் கேரமில் வென்றார்கள், ஸ்னூக்கரில் இன்னும் வரவில்லை என்றால், காரணத்தைக் கையில் தேட வேண்டாம். பலகையின் விலையில் தேடுங்கள்.

கேரம் பழகிய கை ஸ்னூக்கருக்கு உதவுமா? பாதி உதவும். காயை எவ்வளவு மெல்லியதாகத் தொட்டால் எந்தப் பக்கம் போகும், ஓரத்தில் அடித்துத் திருப்புவது எப்படி, இந்தக் காயைப் போட்ட பிறகு அடுத்ததற்கு வழி இருக்கிறதா என்ற யோசனை எல்லாம் அப்படியே கூட வரும். வராதது கோலோட்டம். கேரமில் விரல் சுண்டுகிறது. இங்கே முகவாய் கோலில் உரச, முன்கை மட்டும் ஊஞ்சலாட, கோல் நேர்கோட்டில் போய் வர வேண்டும். முனை கொஞ்சம் விலகினாலும் பத்தடி தூரத்தில் பந்து குழியை விட்டு எங்கோ போயிருக்கும். மேஜையின் நடுக்கோட்டில் பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு என்று நாலு புள்ளிகள் வரிசையாக இருக்கும். அந்தக் கோட்டின் மேலேயே வெள்ளைப் பந்தை மேலும் கீழும் ஓட்டித் திரும்பக் கோல்முனைக்கே வரவைப்பது ஆரம்பப் பாடம். சலிப்பூட்டும் பாடம்தான். அதிகபட்ச பிரேக்கான 147 அடிப்பவர்களும் அதை விடுவதில்லை.

பெங்களூரைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கர்நாடக மாநில பில்லியர்ட்ஸ் சங்கத்துக்குச் சொந்த அரங்கு இருக்கிறது. சங்கத்தின் மேஜை என்றால், அப்பா எந்த கிளப்பில் உறுப்பினர் என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. 2003இல் சீனாவில் பதினெட்டு வயதில் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்ற பங்கஜ் அத்வானி, வித்யா பிள்ளை, கீர்த்தனா பாண்டியன் என்று ஒரே ஊரிலிருந்து வரிசையாக வந்தார்கள். அந்த ஊர்த் தண்ணீரில் தனி மகிமை ஏதும் இல்லை.

என்னைக் கேட்டால், வில்லியனூர் கொம்யூனுக்கு ஒன்று, பாகூருக்கு ஒன்று என்று இரண்டு மேஜைகள் போதும். பள்ளி வளாகத்தில், பூட்டும் சாவியும் ஓர் உடற்கல்வி ஆசிரியரிடம். மாலை நாலிலிருந்து ஏழு வரை. தோற்றால் காசு கிடையாது. விளையாட்டு அரங்கு என்றாலே கேலரியும் மின்விளக்குக் கம்பமும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம்.

அதுவரை அந்தப் பையனுக்குச் சொன்னது இது: சாப்பாட்டு மேஜையோ பெஞ்சோ, மேலே ஒரு காலி பாட்டிலைப் படுக்க வை. நேரான ஒரு கோலை எடுத்து, பாட்டில் வாயில் படாமல் உள்ளே விட்டு வெளியே இழு. பட்டால் சத்தம் காட்டிக்கொடுக்கும். பெரிய பயிற்சியாளர்களே சொல்லிக்கொடுக்கும் பழைய பயிற்சி இது. "அம்மா திட்டுமேண்ணே" என்றான். கெட்டிச் சட்னி பாட்டிலை எடுக்காதே, தண்ணி பாட்டிலை எடு என்றேன்.

அடுத்த வாரம்: 1875இல் ஜபல்பூரின் ராணுவ மெஸ்ஸில் பிறந்த ஆட்டத்துக்கு ஊட்டி கிளப்பில் விதி எழுதிய கதை.