ஆடாமப் படுத்திரு கண்ணா!

சத்தம் போடாமல் உள்ளே வாங்க, பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கவனிக்கும் அமெரிக்காவின் ஏபிசிடி ஆய்வை எட்டிப் பார்க்கப்போகிறோம்! நாடெங்கும் 21 மையங்கள். 9, 10 வயதிலேயே சேர்ந்துகொண்ட கிட்டத்தட்ட 12,000 பிள்ளைகள். பத்து வருடம் அவர்களைக் கூடவே இருந்து கவனிப்பதுதான் திட்டம்.

முதலில் பொய் ஸ்கேனர்! நிஜ எம்ஆர்ஐ ஸ்கேனரின் அதே குகை, அதே டமடம சத்தம். காந்தம் மட்டும் கிடையாது. தலை துளி அசைந்தாலும் மூளைப்படம் கலங்கிவிடும் என்பதால் ஆடாமல் படுக்க இங்கே ஒத்திகை. நிஜ ஸ்கேனருக்குள் போனால் சினிமா ஓடும். அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு: திரையில் ஓர் உருவம் மின்னும். மறைவதற்குள் பொத்தானை அழுத்தினால், சில சுற்றுகளில் 5 டாலர் பரிசு! பிள்ளையின் கை வேகமானால் உருவமும் வேகமாக மறையும். பத்துக்கு ஆறு முறைதான் ஜெயிக்க விடும் கம்ப்யூட்டர். ஜெயித்த காசு நிஜமாகவே கைக்கு வரும். காசு என்றதும் மூளையின் ஆழத்தில் எந்த இடம் துள்ளுகிறது என்று ஸ்கேனர் பதிவு செய்துகொண்டே இருக்கும். பதின்வயதில் அந்த இடத்துக்கு வேகம் அதிகம். ‘வேண்டாம், நில்’ என்று தடுக்கும் முன்மூளையோ இருபதுகளின் நடுவில்தான் முழுசாக முதிர்கிறது.

விழுந்த பால்பற்களையும் வாங்கி வைத்திருக்கிறார்கள் தெரியுமா! தாய் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கும் பல்லில், அப்போது உடம்பில் சேர்ந்த ஈயம்கூட அடுக்கடுக்காகப் பதிந்திருக்கும். தலைமுடி ஒரு கொத்து போதும், கடைசி மூன்று மாதத்துப் போதைப் பழக்கத்தைக் காட்டிவிடும்.

இவ்வளவு சின்ன வயதில் ஏன் பிடித்தார்கள்? முதல் சிகரெட்டுக்கும் முதல் மதுவுக்கும் முந்திய மூளைப்படம் வேண்டுமே! ஏற்கெனவே பழகியவர்களை மட்டும் ஸ்கேன் செய்தால், மூளையின் மாற்றம் பழக்கத்தால் வந்ததா, பழக்கமே அந்த மாற்றத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. 2024-ல் இந்தப் பிள்ளைகளில் சுமார் 9,800 பேரின் படங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 15 வயதுக்குள் ஏதாவது ஒரு போதைப்பொருளைத் தொட்டுப் பார்த்தவர்களிடம், சில வித்தியாசங்கள் தொடுவதற்கு முன்பே இருந்திருக்கின்றன! வித்தியாசம் சிறியதுதான், அதை வைத்து எந்தப் பிள்ளைக்கும் ஜாதகம் எழுத முடியாது, எழுதவும் கூடாது.

அதற்காகப் போதை பாதிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வளரும் நரம்புகள் ஒன்றோடொன்று இணைய உதவும் அதே ஏற்பிகளில்தான் கஞ்சாவின் டிஹெச்சி போய் உட்காருகிறது. ஏபிசிடி ஆய்வில் கஞ்சா தொட்ட பிள்ளைக்கும் தொடுவதற்கு முந்திய படம் கையில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் புதுப் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, முன்பே இருந்தது எது, பின்னால் வந்தது எது என்று பிரிக்கும் வேலைதான் இப்போது நடக்கிறது!